அமுங்கும் அளவு

மேம்பாலம் ஏறும்போது வண்டி நின்றுவிட்டால், புதிதாக ஓட்டுகிறவர்களுக்குக் கைகால் வெலவெலத்துவிடும். பின்னால் நிற்கிற லாரிக்காரன் ஹார்னை அமுக்கி உயிரை வாங்குவான். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரும் "கிளட்சை மிதி, பிரேக்கை விடு" என்று கத்தினால் போச்சு, எல்லாவற்றையும் சேர்த்து விட்டுவிடுவார்கள். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் கத்தமாட்டார். சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "அது இருக்கட்டும், உங்க மாமியார் கண் ஆபரேஷனுக்குப் போனாங்களே, இப்ப நல்லாத் தெரியுதா?" என்று கேட்பார்.

"எங்க சார், நல்லாத் தெரியறதுதான் பிரச்சினை. சமையல்கட்டுல இருக்கிற தூசி மொத்தமும் இப்ப அவங்க கண்ணுலதான் படுது" என்று ஓட்டுகிற பெண் ஆரம்பிப்பாள். மாமியார் பேச்சு வந்ததும் தோள் இறங்கும், கை தளரும், கால் தன்பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். வண்டி பாலத்தின் உச்சிக்கு வந்த பிறகுதான், தான் பயந்ததே அவளுக்கு ஞாபகம் வரும்.

வேறு எங்கெங்கோ படித்துத் தேறாதவர்களெல்லாம் அவர் வேலை பார்க்கிற டிரைவிங் ஸ்கூலுக்கு வந்து தேறிவிடுவார்கள். அதனாலேயே மாஸ்டர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் லைசென்ஸில் மட்டும் இருந்தது. தொழில் ரகசியம் என்னவென்று கேட்டால், கேட்டவரிடம் "சட்டை எங்க வாங்கினீங்க, நல்லா இருக்கே" என்பார். பேச்சைத் திருப்புவது அவருக்கு ஸ்டியரிங்கைத் திருப்புவது மாதிரி. உள்ளே கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. எதிரே இருப்பவர் முகம் வாடினால் அவருக்குத் தாங்காது, அவ்வளவுதான். ஆனால் நல்ல எண்ணத்தோடு செய்கிறதெல்லாம் நல்லதாகவே முடிந்துவிடுமா என்ன?

இந்தப் பாச்சா பலிக்காத ஒரே ஆள் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஊரே டீச்சர் என்று கூப்பிட, மாஸ்டரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார். நல்ல உயரம், அகலமான தோள். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அதட்டினால் அந்தக் கோடியில் ஏமாற்றி உட்கார்ந்திருக்கிற பிள்ளை எழுந்து ஓட ஆரம்பிக்கும். மாடிப்படியில் அவர் ஏறி வருகிற சத்தம் கீழ்வீட்டுக்காரருக்குக் கடிகாரம். மாஸ்டர் எதையாவது சொல்லாமல் மழுப்பினால், "சுத்தாதீங்க மாஸ்டர், நேரா வாங்க" என்பார் டீச்சர். மாஸ்டரும் அசடு வழிந்துகொண்டு நேராக வந்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் வண்டி ஓடியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டீச்சருக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. முதலில் வளையல் கழன்றது, அப்புறம் மோதிரம், அப்புறம் செருப்பு பெரிதாகப் போனது. பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு முறையும் எடை பார்க்கிற மெஷினில் டீச்சர் ஏறுவதும், சரியாக அந்த நேரம் பார்த்து மாஸ்டர் நர்ஸிடம் அவள் பிள்ளையின் படிப்பைப் பற்றி விசாரிப்பதும் வழக்கமாகிவிட்டது. எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நர்ஸ் சீட்டில் எழுதிக்கொள்வாள்.

போன மாதம் போயிருந்தபோது, டீச்சரை ஊசி போட உள்ளே கூட்டிப்போன சமயத்தில், டாக்டர் மாஸ்டரை உட்காரச் சொன்னார். இன்னொரு ஆபரேஷன் செய்து பிரயோஜனமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் இனிமேல் செய்யக்கூடியது, சில மாதங்கள்தான் என்றார். இங்கே அலையவும் வேண்டாம், மருந்து வீட்டுக்கே எழுதித் தருகிறேன் என்றார். மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "உங்க கார் கிளட்ச் சத்தம் போடுது சார், காலையில நீங்க வரும்போது கவனிச்சேன். பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

வெளியே வந்ததும் டீச்சர் கேட்டார். "டாக்டர் என்ன சொன்னார்? மறுபடி எப்ப வரச் சொன்னார்?"

"அவர் கார் கிளட்ச் போயிடும் போல இருக்கு டீச்சர். இவ்வளவு படிச்ச மனுஷன், காலை கிளட்ச் மேலயே வச்சு ஓட்டுறார்."

டீச்சர் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். "சுத்தாதீங்க" என்று சொல்லப்போகிறார் என்று மாஸ்டர் நினைத்தார். சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வண்டிக்கு நடந்தார்.

சொல்லாமல் விட்டதோடு போயிருந்தால் பரவாயில்லை. இதில் பாப்பா வேறு இருந்தாள். பாப்பா என்றால் கைக்குழந்தை இல்லை, விமானத்தில் ஒரு நாள் தூரத்தில் வேலை பார்க்கிற மகள். அவளுக்கு வருஷத்தில் ஒரு தடவைதான் நீளமாக லீவு கிடைக்கும். வாராவாரம் போனில், "அம்மா, லீவை எப்ப எடுக்கட்டும்? சொன்னா அப்ப எடுக்கறேன். ஒரு தடவைதான் தருவாங்க" என்று கேட்டாள். டீச்சர் மாஸ்டரைப் பார்ப்பார். மாஸ்டர் போனைப் பக்கத்தில் இழுத்து, "வருஷக் கடைசியில வா பாப்பா. குளுகுளுன்னு இருக்கும். அம்மாவும் அதுக்குள்ள தேறிடுவா" என்பார்.

ஒரு நாள் போனை வைத்த பிறகு டீச்சர் நேரடியாகவே கேட்டுவிட்டார். "வருஷக் கடைசி வரைக்கும் நான் இருப்பேனா?"

"அடுப்புல பால் வச்சேன்" என்று மாஸ்டர் எழுந்து போனார். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. சமையலறையில் நின்று குழாயைத் திறந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். முன்பிருந்த டீச்சராக இருந்தால் எழுந்து வந்து காதைப் பிடித்து இழுத்துப்போயிருப்பார். இப்போது அவ்வளவு தூரம் நடக்கவும் தெம்பில்லை, அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தால் கேட்கவும் மனசு வரவில்லை.

இதற்கிடையில் டீச்சருக்குத் தூக்கம் பெரும்பாடாகிவிட்டது. அவர்களுடைய மெத்தை பழையது. டீச்சர் படுத்துப் படுத்து அவர் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளம் பழைய டீச்சருடைய அளவுக்கு விழுந்தது. இப்போதைய டீச்சர் அதில் படுத்தால் உள்ளே உருண்டு, இடுப்பெலும்பு கட்டில் பலகையில் போய் இடித்தது. திரும்பிப் படுக்க ஒவ்வொரு முறையும் மாஸ்டரை எழுப்ப வேண்டியிருந்தது. எழுப்பமாட்டார், விடியும்வரை அப்படியே கிடப்பார். புது மெத்தை வாங்கியாக வேண்டும் என்று மாஸ்டர் முடிவு செய்தார். தன்னால் செய்ய முடிந்த காரியம் ஒன்று கிடைத்ததில் அவருக்குப் பாதி நிம்மதி.

கடைகளில் விற்கிற மெத்தை வேண்டாம், ஆளுக்குத் தகுந்த மாதிரி செய்து தருகிற இடம் ஒன்று இருக்கிறது என்று, மாமியார் கதை சொல்லிக்கொண்டே மேம்பாலம் ஏறிய அந்தப் பெண்தான் சொன்னாள். பஸ் டிப்போவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. உள்ளே நுழைந்ததும் பசை வாடை மூக்கில் ஏறியது. ஆள் உயரத்துக்கு ஃபோம் அடுக்கி வைத்திருந்தார்கள், வெள்ளை, மஞ்சள், இளநீலம் என்று. மெத்தைக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, நீளமான கத்தியால் ஃபோமை அறுத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு?" என்றார்.

"வீட்டம்மாவுக்கு. அவ பக்கம் மட்டும் தனியா மெதுவா இருக்கணும். என் பக்கம் எப்படி இருந்தாலும் சரி, நான் கல்லுல படுத்தாலும் குறட்டை விடுவேன்."

"அவங்க எடை என்ன?"

"பொம்பளைங்க எடையைப் போய் வெளியில சொன்னா எனக்கு வீட்டுல மெத்தையே தேவைப்படாதுங்க. வாசல்லதான் படுக்கணும்."

மெத்தைக்காரம்மா சிரிக்கவில்லை. இந்த மாதிரி நகைச்சுவையெல்லாம் தினமும் கேட்டுக் காது புளித்தவர். "எடை தெரியாம செய்ய முடியாதுங்க. எவ்வளவு?"

"இது என்ன மெஷின்?" என்றார் மாஸ்டர், மூலையில் இருந்த ஒன்றைக் காட்டி. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு இரும்பு வட்டு, மேலே ஒரு கைப்பிடி, பக்கத்தில் கடிகாரம் மாதிரி முள்.

அந்தம்மா பொறுமையாக ஒரு ஃபோம் துண்டை எடுத்து வட்டுக்குக் கீழே வைத்து அமுக்கிக் காட்டினார். "பாரம் வச்சா இது எவ்வளவு அமுங்குதுன்னு பார்க்கிறது. எங்க தொழில்ல டிஃப்ளெக்‌ஷன்னு சொல்வோம். ஒல்லியான ஆளுக்கு இது மெதுவா இருக்கணும், இல்லைன்னா அமுங்காது. பலகையில படுத்த மாதிரி எலும்புதான் பாரம் தாங்கும். கனமான ஆளுக்கு அழுத்தமா இருக்கணும், இல்லைன்னா மூழ்கிடுவாங்க. அதுக்குத்தான் எடை கேக்கறேன். சொல்லுங்க."

"பசை வாடை உங்களுக்குத் தலைவலி தராதா?"

"தராது. எடை?"

மேம்பாலத்தில் நின்ற வண்டி மாதிரி ஆனது மாஸ்டருக்கு. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. உண்மையான எண் அவருக்குத் தெரியாமலில்லை. நர்ஸ் எழுதும்போது ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். ஆனால் பசை வாடைக்கு நடுவில், முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம், தன் வாயால் அந்த எண்ணைச் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது. "எழுபத்தெட்டு" என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே அது பொய்யாகத் தெரியவில்லை. டீச்சர் என்று நினைத்தால் அவர் மனசில் வந்து நிற்பது அந்த எழுபத்தெட்டுதான். படி அதிர ஏறி வருகிற டீச்சர்.

மெத்தை வந்தது. ஆட்கள் தூக்கிவந்து கட்டிலில் போட்டு, பழையதை எடுத்துப் போனார்கள். மாஸ்டர் தானே புது விரிப்பு போட்டு, டீச்சரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து படுக்கவைத்து, பரீட்சை முடிவைக் கேட்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

"எப்படி இருக்கு?"

டீச்சர் மெத்தைமேல் இருந்தார், மெத்தைக்குள் போகவில்லை. மேஜைமேல் வைத்த துணி மாதிரி. இடுப்பெலும்பு அழுந்துவது படுத்த கணத்திலேயே தெரிந்தது. ஆனால் எதிரே நிற்கிற முகத்தைப் பார்த்தார். "நல்லா இருக்கு மாஸ்டர்" என்றார். பார்த்தீர்களா, இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் நோய் மட்டுமா ஒட்டும், பழக்கமும் ஒட்டும்.

இரண்டு வாரம் மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு நாள் வகுப்புக்கு வரவேண்டியவருக்குக் காய்ச்சல், அதனால் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். கதவைச் சத்தமில்லாமல் திறந்தால், முன்னறைத் தரையில் டீச்சர் படுத்திருந்தார். வீட்டில் இருக்கிற போர்வை, மாஸ்டருடைய பழைய சட்டைகள், பாப்பாவின் சின்ன வயது கம்பளி எல்லாவற்றையும் மடித்து மடித்துக் கீழே பரப்பி, இடுப்புக்கு நேராக மட்டும் குழி விட்டு, அதில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து எழுந்து இத்தனை துணிகளையும் இழுத்துவர அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மாஸ்டர் வரும் நேரத்துக்குள் எல்லாவற்றையும் எடுத்துப் பழையபடி அடுக்கிவைக்க எவ்வளவு நேரம்? இதைத் தினமும் செய்கிறாள் போலிருக்கிறதே என்று மாஸ்டர் நினைத்தார்.

டீச்சர் கண் திறந்து பார்த்தார். "அந்த ரூம்ல ஒரே புழுக்கம். அதான் இங்க வந்தேன்."

அவருடைய வித்தையை அவரிடமே காட்டினால் தெரியாதா? மாஸ்டருக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் மெத்தைக்காரம்மாமேல் கோபப்பட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போய், "மெத்தை கேட்டா பலகை செஞ்சு கொடுத்திருக்கீங்க. மனுஷி அதுல படுக்க முடியாம தரையில கிடக்கறா" என்று சத்தம் போட்டார்.

மெத்தைக்காரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். "நான் வந்து பார்க்கிறேன்" என்றார்.

"இப்ப வேண்டாம். அவ தூங்குவா."

"தூங்க முடியலைன்னுதானே சண்டைக்கு வந்தீங்க?"

அந்தம்மா வேறு வேறு நிறத்தில் மூன்று ஃபோம் துண்டுகளையும் ஒரு பெரிய பையையும் எடுத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறினார். வழியெல்லாம் மாஸ்டர் பஸ் டிப்போ, சாலை, வெயில் என்று பேசிக்கொண்டே வந்தார். அந்தம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்து டீச்சரைப் பார்த்ததும் மெத்தைக்காரம்மா ஒரு கணம் நின்றுவிட்டார். எழுபத்தெட்டு எங்கே, இந்த உடம்பு எங்கே? திரும்பி மாஸ்டரைப் பார்த்தார். அவர் ஜன்னல் கொக்கியை மும்முரமாகச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்தம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தையும் குத்திக் காட்டவில்லை. "அம்மா, ஒரு நிமிஷம் மெத்தையில ஒருக்களிச்சுப் படுங்க" என்று கைபிடித்துக் கூட்டிப்போனார். டீச்சர் படுத்ததும் இடுப்பு வளைவுக்கும் மெத்தைக்கும் நடுவில் கையை விட்டார். கை இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் தாராளமாக வெளியே வந்தது.

"கொஞ்சம்கூட அமுங்கலை" என்றார். "வலிக்குமே. ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

"மெத்தை நல்லாத்தான் இருக்கு" என்றார் டீச்சர். "எனக்குத்தான் சேரலை. ஆமா, என்ன எடைன்னு சொல்லிச் செய்யச் சொன்னார்?"

மெத்தைக்காரம்மா தயங்கினார். டீச்சர் விடவில்லை, மைதானத்துக் குரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "சொல்லுங்க."

"எழுபத்தெட்டு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார். "அது பாப்பா காலேஜ்ல சேர்ந்த வருஷம். அப்பவே குறைக்கணும்னு நான் தினமும் நடந்தேன்." சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பின்னாலேயே வந்து இந்த அறை ஜன்னல் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தவர் பக்கம் திரும்பி, "என்னை இன்னும் அப்படியேதான் வச்சிருக்கீங்களா, மாஸ்டர்?" என்றார்.

மாஸ்டர் கொக்கியை விட்டுவிட்டார். ஆனால் திரும்பவில்லை.

மெத்தைக்காரம்மா பையிலிருந்து எடை பார்க்கிற மெஷினை எடுத்துத் தரையில் வைத்தார். "எடை கேட்டா யாருமே நிஜம் சொல்றதில்லைங்க. கனமானவங்க குறைச்சுச் சொல்வாங்க. அதனால சந்தேகம் வந்தா இதையும் எடுத்துக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ஏறுங்கம்மா."

டீச்சர் எழுந்து ஒரு காலை வைத்தார். அடுத்த காலை எடுப்பதற்குள் முழங்கால் நடுங்கி மெஷின் முள் இங்கும் அங்கும் ஆடியது. விழப்போனவரை மாஸ்டர் ஓடிவந்து பிடித்தார்.

"அப்ப நீங்க அவங்களைத் தூக்கிக்கிட்டு ஏறுங்க" என்றார் மெத்தைக்காரம்மா. "அப்புறம் நீங்க மட்டும் ஏறுங்க. கழிச்சுக்கலாம்."

மாஸ்டர் டீச்சரைத் தூக்கினார். குளியலறைக்குத் தினமும் தூக்கிப்போகிற உடம்புதான். ஆனால் அப்போதெல்லாம் ஏதாவது பேசிக்கொண்டே தூக்குவார், வழுக்கும் பார்த்து வா, தண்ணீர் சூடா இருக்கா என்று. இன்று வாயில் பேச்சு வரவில்லை. அதனால் அந்த லேசு முழுவதும் கையில் தெரிந்தது. டீச்சர் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையை அவர் தோளில் வைத்துக்கொண்டார். முள் நின்றது.

"நூத்தி ஆறு" என்றார் மெத்தைக்காரம்மா.

டீச்சரைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு மாஸ்டர் தனியாக ஏறினார்.

"அறுபத்தெட்டு." அந்தம்மா சாக்குக்கட்டியை எடுத்து நீலத் துண்டின்மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "சொல்லுங்க, எவ்வளவு எழுதட்டும்?"

சின்னப் பிள்ளைக்கு வருகிற கணக்கு. மாஸ்டர் மெஷின்மேலேயே நின்றுகொண்டிருந்தார். "கீழ யாரோ பெல் அடிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

"யாரும் அடிக்கலை" என்றார் டீச்சர். "சொல்லுங்க மாஸ்டர். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்க வாயால சொல்லுங்க."

"முப்பத்தெட்டு" என்றார் மாஸ்டர்.

மெத்தைக்காரம்மா எழுதிக்கொண்டார். மேல் அடுக்கை மட்டும் பிரித்து மெதுவான ஃபோம் வைத்துத் தருகிறேன், நாளைக்கே ஆள் வரும், அதுவரைக்கும் இந்த நீலத் துண்டை இடுப்புக்குக் கீழே போட்டுக்கொள்ளுங்கள் என்றார். போகும்போது டீச்சர் தலையை ஒரு முறை தடவிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

மாஸ்டர் நீலத் துண்டைப் போட்டு டீச்சரைப் படுக்கவைத்தார். இந்த முறை இடுப்பு உள்ளே இறங்கியது. டீச்சர் நீளமாக மூச்சு விட்டு, பக்கத்தில் உட்காரும்படி மெத்தையைத் தட்டினார்.

"சொல்லிட்டீங்க பாருங்க. கூரை ஒண்ணும் இடிஞ்சு விழலை."

"ம்."

"அதே வாயோட இன்னொண்ணையும் சொல்லிடுங்க. டாக்டர் என்ன சொன்னார்?"

மாஸ்டர் சொன்னார். கிளட்சைப் பற்றிச் சொல்லவில்லை, வெயிலைப் பற்றிச் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன வார்த்தைகளை டாக்டர் சொன்ன வரிசையிலேயே சொன்னார். சொல்லும்போது கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சில மாசம்னா, எத்தனையாம்?"

"அவருக்கும் தெரியலை. மூணு, நாலு இருக்கலாம்னார்."

"அவர் சொல்லி எவ்வளவு நாளாச்சு?"

"ஒரு மாசம் ஆகுது."

டீச்சர் கண்ணைத் திறந்தார். "அதுல ஒரு மாசத்தை நீங்களே வச்சுக்கிட்டீங்களே, மாஸ்டர்" என்றார்.

அதைத் திட்டாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். டீச்சர் அதை அவர் விரல்களைக் கோத்துக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னார். மாஸ்டர் அந்தக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இந்த முறை குழாயைத் திறந்துவிடவில்லை. டீச்சரும் அழுதார். தனக்காகக் கொஞ்சம், முக்கால்வாசி அவருக்காக. இந்த மனுஷன் இதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு ஒரு மாதம் எப்படி வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தான் என்று நினைத்து அழுதார்.

அழுகை ஓய்ந்ததும், "போனை எடுங்க" என்றார் டீச்சர். "நான் பேசலை. நீங்களே சொல்லுங்க."

இரண்டாவது மணியிலேயே பாப்பா எடுத்துவிட்டாள். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து போன் வந்ததே இல்லை.

"அப்பா, சொல்லுங்கப்பா. ஆபீஸ்லதான் இருக்கேன். அம்மா சாப்பிட்டாங்களா? அங்க வெயில் எப்படி இருக்கு? புது மெத்தை வந்துச்சுன்னு சொன்னீங்களே, போட்டோவே அனுப்பலை. நானும் இங்க ஒரு மெத்தை வாங்கணும், முதுகு வலி. நேத்துகூட ஒரு கடையில போய்..."

அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டருக்கு அது யார் பேச்சு என்று தெரியாமல் போகுமா? எதிரே இருப்பவர் வாயைத் திறக்க இடமே கொடுக்காத பேச்சு. அவள் பயந்துபோயிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால், எந்தக் கடை, என்ன விலை என்று கேட்டு அவளோடு சேர்ந்து அந்தப் பக்கமே போயிருப்பார். இரண்டு பேருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

"பாப்பா" என்றார். "கொஞ்சம் நிறுத்துடா. நான் சொல்றதைக் கேளு."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"லீவை இப்பவே எடு."

"வருஷக் கடைசியில வரச் சொன்னீங்களேப்பா" என்றாள். குரல் எட்டு வயதுப் பிள்ளையின் குரலாகச் சுருங்கியிருந்தது.

"தப்பாச் சொல்லிட்டேன். அம்மாவுக்கு நாள் அதிகம் இல்லைடா. நீ இப்ப வா."

கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. மாஸ்டரும் அந்த இடத்தை எதையாவது பேசி நிரப்பவில்லை. அப்புறம் நாற்காலி நகர்கிற சத்தமும், மேஜை இழுப்பறை மூடுகிற சத்தமும் கேட்டன.

"கிளம்பறேன்ப்பா" என்றாள்.